துணி எங்கே வாங்கியது?

ஆலிஸ் வாக்கரின் ‘எவ்ரிடே யூஸ்’ கதையை முதுகலை மாணவிகளுக்குப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். 1973இல் வந்த கதை. இரண்டு பழைய குவில்ட்டுகளுக்காக அக்காளும் தங்கையும் மோதிக்கொள்வதுதான் அதன் மையம். குவில்ட் என்றால் துண்டுத்துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை. பாட்டியின் பழைய கவுன்கள், தாத்தாவின் பெய்ஸ்லி சட்டைகள், உள்நாட்டுப் போரில் கொள்ளுத்தாத்தா அணிந்த சீருடையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு. படித்துவிட்டு வந்த டீ அதைச் சுவரில் மாட்ட வேண்டும் என்கிறாள். தழும்புகளோடு வீட்டிலேயே வளர்ந்த மேகிக்கு அது கல்யாணச் சீர், போர்த்திக்கொள்ளத்தான். அம்மா மேகியின் மடியில் போர்வையைப் போட்டுவிடுகிறாள். வகுப்பில் இந்த இடம் வந்தால் எப்போதும் ஒரு அமைதி வரும். நானும் அதை எதிர்பார்த்தே நடத்துவேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்த அமைதியைக் கலைத்து ஒரு மாணவி கேட்டாள்: “மேம், தாத்தா அந்தச் சட்டைத்துணிய எந்தக் கடையில வாங்கியிருப்பாரு? கடைக்குள்ள விட்டிருப்பாங்களா?”

வகுப்பு சிரித்தது. அது கதைக்கு வெளியே இருக்கும் கேள்வி என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். திறனாய்வு கற்பிக்கிறவள் செய்யக்கூடாத காரியம்.

அவள் அதைக் கேட்டதற்கு முகாந்திரம் இருந்தது. அதற்கு முந்தைய மாதம் கல்லூரிக் கவியரங்கில் நான் ஒரு கவிதை வாசித்திருந்தேன். எங்கள் ஊர் ஜவுளிக்கடை பற்றியது. பாய் விரித்த தரை, கஜக்கோல், கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கையால் சர்ரென்று கிழிக்கும் சத்தம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே துணியைத் தேய்த்துப் பார்க்கும் என் அம்மா. எதிர்ப்பக்கத்தில் கைப்பேசித் திரை. தொட முடியாத நிறங்கள், முகமில்லாத பெட்டி. கைதட்டல் கிடைத்தது. அந்த மாணவியும் கைதட்டியிருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் துறை அறையில் வைத்து அவளே சொன்னாள். அவளுடைய பாட்டி ஊர்க் கடையில் படிக்கு மேல் ஏறியதில்லை. துணியை எடுத்து வீசுவார்கள். இவர் முந்தானையில் ஏந்த வேண்டும். பிரித்துப் பார்க்கக் கூடாது. தொட்டால் வாங்கியாக வேண்டும். “உங்க கவிதையில அம்மா தேய்ச்சுப் பாக்குறாங்கல்ல, அந்த வரிதான் மேம்” என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

குவில்ட்டுக்குத் துணியை உள்ளூர்க் கடையில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா என்ற அமெரிக்கப் பெண்களின் வாதத்தை இந்தக் கேள்வியோடுதான் நான் படிக்கத் தொடங்கினேன். அது நமக்குச் சம்பந்தமில்லாத பொழுதுபோக்குக்காரர்களின் விவாதம் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. 1943இல் ஓஹியோவின் கிளீவ்லாந்தில் தொடங்கிய ஜோஆன் என்ற துணிக்கடைச் சங்கிலி இரண்டுமுறை திவாலாகி, 2025 மே மாத இறுதிக்குள் ஏறக்குறைய எண்ணூறு கிளைகளையும் மூடிவிட்டது. பல சிற்றூர்களில் துணி தொட்டு வாங்க இருந்த ஒரே இடம் அதுதான். அதையொட்டி வந்த இரங்கல் கட்டுரைகளில் உள்ளூர்க் கடை ஏறக்குறைய ஒரு தாய்வீடாகவே ஆகிவிட்டது.

அந்தத் தரப்பில் நியாயம் உண்டு. குவில்ட் தைக்கிறவளுக்குத் துணி என்பது நிறம் மட்டுமல்ல. சிவப்புத் துணி முதல் சலவையில் சாயம் விட்டால் பக்கத்திலிருக்கும் வெள்ளைத் துண்டு கெடும். ஒரு துண்டு சுருங்கி இன்னொன்று சுருங்காவிட்டால் போர்வையே கோணிக்கொள்ளும். நெசவு நெருக்கமா, பஞ்சுதானா, கலப்பா என்பது விரலுக்குத் தெரியும், திரைக்குத் தெரியாது. நம் மேட்சிங் சென்டரில் ரவிக்கைத் துணியைப் புடவையோடு வைத்து வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறோமே, அதே அறிவுதான். அங்கே சிறிய குவில்ட் கடைகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்; பின்னறையில் தையல் வகுப்பு நடக்கும்; கணவனை இழந்தவள் வந்து உட்கார ஒரு நாற்காலி இருக்கும். இணையமோ இரண்டரை அங்குல அகலத்தில் சுமார் நாற்பது பட்டைகளை முன்கூட்டியே வெட்டிச் சுருட்டி அனுப்புகிறது. பொருத்தம் பார்க்கும் வேலையையும் அதுவே செய்துவிடுகிறது. எந்தப் பச்சைக்குப் பக்கத்தில் எந்த மஞ்சள் என்று தடுமாறுவதில்தானே இந்தக் கலையின் பாதி இருக்கிறது?

ஆனால் இந்தத் தாய்வீடு யாருக்குத் தாய்வீடு?

முதலில் ஒரு சின்ன விஷயம். 1930, 40களில் அமெரிக்கக் கிராமங்களில் கோழித்தீவனமும் மாவும் பூப்போட்ட பருத்திச் சாக்குகளில் வந்தன. நூறு பவுண்டு சாக்கைப் பிரித்தால் ஒரு கஜத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துணி கிடைக்கும். கவுனும் குவில்ட்டும் அதில்தான். தீவனக் கடைக்குப் போனவன் பெரும்பாலும் கணவன். போன மாதம் வந்த அதே பூ வேண்டும் என்று துண்டைக் கையில் கொடுத்தனுப்புவாள் மனைவி. அவன் மூட்டைகளைப் புரட்டித் தேடுவான். அடுக்கின் அடியிலிருக்கும் மூட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்த கணவன்மாரைப் பற்றி நகைச்சுவைகள்கூட உண்டு. எனக்கு அதில் சிரிப்பு வருவது பாதிதான். உள்ளூர்க் கடை இருந்தது. அவள் அங்கே இல்லை.

அடுத்தது பெரிய விஷயம். அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் கவுண்டியில் ஆறு வளைந்தோடும் இடத்தில் இருக்கிறது ஜீஸ் பெண்ட். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர். பண்ணை முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வே இன்றும் பலருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஊர்ப் பெண்களின் குவில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன, 2006இல் தபால்தலைகளாயின. மத்தீஸ், பால் கிளே என்று ஓவியர்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். பழைய ஜீன்ஸ், மாவுச் சாக்கு, கிழிந்த சட்டை ஆகியவற்றிலிருந்து எழுந்த அழகு என்று கொண்டாடினார்கள். ஏன் புதுத்துணி இல்லை என்பதை ஏழ்மை என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொண்டவர்களே அதிகம்.

ஏழ்மைக்கு ஒரு கடை இருந்தது. ஜீஸ் பெண்ட் விவசாயிகள் கடன் வாங்கியது ஆற்றுக்கு அக்கரையில் கேம்டன் நகரத்து வியாபாரி ஒருவரிடம். பருத்தி விலை விழுந்தது, கடன் ஏறியது, வியாபாரி இறந்தார். 1932இல் அவருடைய குடும்பத்தின் ஆட்கள் வந்து சுமார் அறுபது குடும்பங்களின் கால்நடைகள், ஏர், வண்டி, சேமித்த தானியம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளூர்க் கடைக்காரர்தான். எல்லோரையும் பேர் சொல்லித் தெரிந்தவர்தான்.

முப்பது வருடம் கழித்து அக்கரைக்குப் போகும் வழியே அடைபட்டது. கறுப்பினத்தவர் கேம்டனுக்குப் போய் வாக்காளராகப் பதிவுசெய்யக் கேட்கத் தொடங்கியதும், 1962இல் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. மீண்டும் ஓடியது 2006இல்தான். எதிரே தெரிகிற ஊருக்குச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணிநேரம் வண்டியில் போக வேண்டும். வண்டி இருந்தால். ‘உள்ளூர்’ என்பது தூரத்தால் அளக்கப்படுவதில்லை என்பதை இந்த நாற்பத்துநான்கு வருடத்தைப் போல் வேறெதுவும் எனக்கு விளக்கவில்லை.

1942இல் மிசூரி பெட்வே இறந்துபோன கணவரின் வேலையுடுப்புகளைக் கிழித்து ஒரு குவில்ட் தைத்தார். முழங்கால் தேய்ந்த இடங்கள் வெளுத்துத் தெரியும். அதைத் துக்கத்தின் கலை என்று படிக்கிறோம், சரிதான். அதில் கடைக்குப் போகாத, போக முடியாத ஒரு வரலாறும் தைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் இன்றைய இணையக் கடையின் பாட்டி, சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழிப் பட்டியல் புத்தகம். நிற ஒதுக்கல் சட்டமாக இருந்த தெற்கில், கடைக்குப் போனால் கடைசி வெள்ளைக்காரர் வாங்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய கறுப்பினப் பெண், இந்தப் புத்தகத்தைப் பார்த்து எல்லோருக்கும் உள்ள விலையில், எல்லோருக்கும் உள்ள துணியைக் கேட்டு எழுத முடிந்தது. கடிதத்துக்கு நிறமில்லை. உள்ளூர் வியாபாரிகள் இந்தப் பட்டியலை வெறுத்ததில் ஆச்சரியமில்லை. முகமில்லாத பெட்டி என்று நான் கவிதையில் இகழ்ந்தது ஒருத்திக்கு முகத்தைக் காட்டாமல் தப்பிக்கும் வழியாக இருந்திருக்கிறது. அதையும் முழு விடுதலை என்று சொல்லிவிட முடியாது. ஊர்க் கடைக்குள்ளேயே தபால் நிலையமும் இருந்த இடங்கள் உண்டு.

இதைச் சொன்னதும் மாணவி சிரித்தாள். “எங்கம்மா இப்ப எல்லாம் போன்லதான் வாங்குறாங்க மேம். ஆனா அட்ரஸ்ல காலனின்னு இருக்குல்ல, டெலிவரி பையன் மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கச் சொல்வான்.” பாட்டி கடைப்படியில் நின்றார், அம்மா முக்குரோட்டில் நிற்கிறார்.

சியர்ஸ் வேறொரு வழியிலும் ஜீஸ் பெண்டுக்குள் வந்தது. 1966இல் அப்பகுதிப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972இல் அதற்குச் சியர்ஸ் கொடுத்த வேலை, கார்டுராய் தலையணை உறைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே தையல். கற்பனைக்கு இடமில்லாத கூலிவேலை. மிஞ்சிய கார்டுராய் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த்தான் அந்தப் பெண்கள் இன்று அருங்காட்சியகங்களில் தொங்கும் பச்சையும் பொன்னிறமுமான சில அபாரமான குவில்ட்டுகளைத் தைத்தார்கள். 2021இல் அதே ஊர்ப் பெண்கள் எட்ஸி என்ற இணையச் சந்தையில் தங்கள் பெயரிலேயே கடை திறந்தார்கள். கடைக்குப் போகப் படகு மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் கடைக்காரர்களாகிவிட்டார்கள். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் ‘உள்ளூரில் வாங்கு’ என்று மட்டும் சொல்லும் பெண்ணியம் எனக்குக் கொஞ்சம் வசதியானதாகப் படுகிறது. வாக்கரின் கதையில் டீ, மெஷினில் ஓரம் தைத்த வேறு போர்வைகளைத் தர அம்மா முன்வரும்போது வேண்டாம் என்பாள். கைத்தையல்தான் வேண்டும். உழைத்தவளைவிடத் தூய்மை முக்கியமாகும் அந்த இடத்தில் நான் இப்போது என்னையும் பார்க்கிறேன்.

வாக்கரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. அவர் கதையில் துணி உடம்புகளிலிருந்து வருகிறது, கடையிலிருந்து வருவதில்லை. அதனால்தான் அந்தப் போர்வை அத்தனை புனிதமாகத் தெரிகிறது. ஆனால் பெய்ஸ்லி என்று அவர் எழுதுவது நம் மாங்காய்க் கரைதான். காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து ஸ்காட்லாந்து நெசவூர் ஒன்று நகலெடுத்துத் தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. அது தாத்தாவின் முதுகுக்கு வந்துசேர ஒரு விற்பனை மேசையைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் அவர் எப்படி நின்றார் என்பதைக் கதை சொல்லாமல் விட்டது அதன் குறை என்று நான் சொல்லமாட்டேன். கேட்காமல் விட்டது என் வாசிப்பின் குறை.

மேசைக்கு அந்தப் பக்கத்தையும் என் கவிதை பார்க்கவில்லை. நம் ஜவுளிக்கடைகளில் புடவையைப் பிரித்துக் காட்டும் பெண்கள் பத்து, பன்னிரண்டு மணிநேரம் நின்றார்கள். அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே 2021இல்தான். நான் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து துணி தேய்த்த நினைவை எழுதினேனே தவிர, எதிரே நின்றவளின் கணுக்கால் வீக்கம் எனக்குக் கண்ணில் படவில்லை.

இப்போதும் நான் துணி வாங்குவது கடையில்தான். இணையத்தில் வாங்கிய இரண்டு பருத்திப் புடவைகள் படத்தில் இருந்த நிறத்தில் இல்லை. ஒன்றில் நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன், காகிதம் கருகும் வாசனை வராமல் பிளாஸ்டிக் போல உருண்டது. விரல் அறிவை விட்டுவிட எனக்கு மனமில்லை. அது என் அம்மா கொடுத்தது. அந்த அறிவு எல்லா அம்மாக்களுக்கும் அனுமதிக்கப்படவில்லை என்பதை மட்டும் இப்போது தெரிந்துகொண்டு தேய்க்கிறேன். கவிதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்திருக்க வேண்டாம் என்கிறாள் மாணவி. அப்படியே போட்டு, கீழே தேதி போடச் சொல்கிறாள்.

இந்தக் கட்டுரையின் கைப்பிரதியை அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். ஜீஸ் பெண்ட் பகுதியில் ஒரு வருடத்தைத் திருத்தியிருந்தாள். பாட்டியின் பத்தி ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: “தொடக்கூடாதுன்னு சொன்ன துணி என்ன நிறம்னு நீங்க கேக்கவே இல்லையே மேம்?”

அன்றே ஃபோன் செய்து கேட்டேன். பாட்டியிடமே கொடுத்தாள். காது மந்தம், இரண்டுமுறை சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது.

“கத்திரிப்பூ நிறம் தாயி. சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. வாங்கல.”