அண்ணாமலை அடிவாரத்தில் அன்றாடத் தோத்திரம்

திருவண்ணாமலை என்றதும் கிரிவலமும் கார்த்திகைத் தீபமும் நினைவுக்கு வருவது இயல்பு. உள்ளூர்க்காரர்களுக்கு அவற்றோடு டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளியும் நினைவுக்கு வரும். சாதிப் பாகுபாட்டைச் சபைக்குள் அனுமதிக்கலாமா என்ற வாக்குவாதத்தில் லைப்சிக் மிஷனை விட்டு விலகிய ஜெர்மானியர் கார்ல் ஓக்ஸ், பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். 1821இல் தோன்றிய டென்மார்க் மிஷன் சங்கம் 1860களில் அவரோடு கைகோத்துக்கொண்டது. ஆற்காட்டுப் பகுதியில் பரவிய அந்தப் பணிதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. கோயில் நகரத்துக் கிறிஸ்தவர்கள் கடவுளுக்கு நாள்தோறும் நன்றி சொல்லும் பழக்கத்தை ஆராய வேண்டுமானால், இந்த லுத்தரன் மரபிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

மார்ட்டின் லூதர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் விளக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறது. காலையில் எழுந்ததும் என்ன ஜெபம், படுக்குமுன் என்ன ஜெபம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன ஜெபம் என்று குடும்பத் தலைவருக்குச் சொல்லித் தருகிறது. காலை ஜெபம் இரவு தீங்கின்றிக் கழிந்ததற்கு நன்றியோடு தொடங்குகிறது. மாலை ஜெபம் பகல் கழிந்ததற்கு. காலை ஜெபம் முடிந்ததும் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போ, இரவு ஜெபம் முடிந்ததும் உடனே நிம்மதியாகத் தூங்கு என்பது லூதரின் அறிவுரை. மிஷனரி சீகன்பால்கு இந்த உபதேசத்தைத் தரங்கம்பாடியில் தமிழாக்கினார். அங்கே 1713இல் தமிழ் அச்சு தொடங்கியபின் இத்தகைய சிறு நூல்கள் எளிய வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இதைவிட நல்ல வடிவம் கிடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நன்றி சொல்ல இங்கே அற்புதம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. விடிந்தது, கண் விழித்தோம், அவ்வளவே போதும்.

விடியற்காலைத் துதி இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்ததும் இல்லை. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது திருவண்ணாமலையில்தான் என்பது சைவ மரபு. வைணவராய்ப் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகத்திலும் இரட்சணிய மனோகரத்திலும் கடவுளின் கருணைக்கு உருகும்போது, அந்த உருக்கம் பழைய பக்திப் பாடல்களின் மடியில் வளர்ந்தது என்பது கேட்டவுடனே விளங்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வீட்டிலும் சபையிலும் கூடிப் பாடுவதற்கென்றே ஏராளமாக எழுதினார். பாட்டு வழியாக மனத்தில் தங்கிய நன்றிதான் பிரசங்கத்தைவிட நெடுநாள் நிலைத்திருக்கிறது.

இந்த மலை இன்னொரு கிறிஸ்தவருக்குக் கடினமான கேள்வி ஒன்றை வைத்தது. பிரெஞ்சு பெனடிக்டின் துறவி ஆன்றி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர், 1949இல் இங்கே ரமண மகரிஷியைத் தரிசித்தார். மறு ஆண்டு ஜூல் மோன்சானின் அடிகளோடு குளித்தலை அருகே சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவிய பிறகும், 1952 முதல் திரும்பத் திரும்ப வந்து அருணாசலத்தின் குகைகளில் தங்கினார். சொல்லற்ற மௌனத்துக்கும் தினமும் நிறைவேற்ற வேண்டிய திருப்பலிக்கும் இடையே அவர் பட்ட பாடு அவருடைய நாட்குறிப்பெங்கும் பதிவாகியிருக்கிறது. நன்றி சொல்லக் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்று இருவர் வேண்டும். இரண்டற்ற நிலையில் யார் யாருக்கு நன்றி சொல்வது? மௌனம், திருப்பலி இரண்டில் எதையும் அவர் கைவிடவில்லை. 1973இல் இறக்கும்வரை இரண்டையும் சுமந்தார். துதி வெறும் வாய்ப்பழக்கமாகிவிடும் அபாயத்தை இவ்வளவு கூர்மையாக உணர்ந்தவர்கள் குறைவு.

சாதாரணச் சபைகளில் நன்றி கையில் பிடிக்கக்கூடிய பொருளாக வருகிறது. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள், அது ஆலயத்துக்கு. மிசோராமில் 1910 முதல் பெரிய இயக்கமாகவே வளர்ந்த பழக்கம் இது. ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர காணிக்கைக் கவரின் மேல் பெயரும் காரணமும் எழுதியிருக்கும். பிறந்த நாள், சுகப்பிரசவம், மகள் பாஸானது, ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஆயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழியும் ஏலத்துக்கு வரும். ஒரே முட்டையை ஒருவர் ஏலத்தில் எடுத்து மறுபடியும் காணிக்கையாகவே கொடுக்க, அது மீண்டும் ஏலம் போகும். இதைக் கொச்சை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயலில் விளைந்ததைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறவருக்கு நன்றி தெளிவாகத் தெரிந்த ஒன்று.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஜெபக்கூட்டங்களில் எழுந்து சொல்லும் சாட்சிகளில் வேலை கிடைத்தது, விசா வந்தது, கடன் அடைந்தது என்பவையே மிகுதி. வேலை கிடைக்காதவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். ஆயிரம் ஸ்தோத்திரம் அச்சிட்ட சிறு புத்தகங்கள் பெந்தெகொஸ்தே வீடுகளில் தினமும் புழங்குகின்றன. அவற்றை வரி வரியாகச் சொல்லி முடிக்கும் பெண்களின் பக்தியை நான் மதிக்கிறேன். பலருக்கு நாளில் தனக்கென்று கிடைக்கும் ஒரே அமைதியான நேரம் அது. ஆனால் ஆயிரம் சொன்னால் கேட்டது கிடைக்கும் என்ற எண்ணம் நுழைந்தால் நன்றி முன்பணமாகிவிடுகிறது.

வேதத்தின் சங்கீதங்கள் இந்தக் கணக்குக்கு இடம் தருவதில்லை. 136ஆம் சங்கீதம் 26 வசனங்களிலும் கர்த்தரின் கிருபையைத் திரும்பத் திரும்பச் சொல்லித் துதிக்கிறது. 88ஆம் சங்கீதமோ துதிக்கே வந்து சேராமல் இருளில் முடிகிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. தோனாவூரில் குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து எழுதிக்கொண்டிருந்தார். வலியை வலி என்றே சொல்லிவிட்டுத்தான் அவர் நன்றிக்கு வந்தார். அழுகையை விழுங்கச் சொல்லும் நன்றி வீட்டில் யாருக்கும் உதவாது.

கத்தோலிக்கரிடையே இயேசு சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனை இங்கே துணை செய்கிறது. அதன் ஐந்து படிகளில் முதல் படியே நன்றி. குற்றங்களைத் தேடுவது அதற்கு அப்புறம்தான். கிடைத்ததை எண்ணிப் பார்த்த மனம் தன் குற்றத்தைப் பதறாமல் நேர்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லஃபும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தது தெரியவந்தது. பயன் உண்டு என்பது நல்ல செய்திதான். என்றாலும் மனநலத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வதும், கடவுளுக்காகவே சொல்வதும் ஒன்றில்லை.

நன்றி யாரோடு பகிரப்படுகிறது என்பதைத்தான் நம் சபைகள் குறைவாகப் பேசுகின்றன. உபாகமம் 26ஆம் அதிகாரத்தில், முதற்கனியைக் கூடையில் கொண்டுவருகிறவர் தம் முன்னோர் அந்நியராய் அலைந்ததையும் எகிப்தில் அடிமைப்பட்டதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அந்த நன்மையில் லேவியரோடும் ஊருக்குள் இருக்கும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும். ஆற்காட்டுச் சபைகளின் பெரும்பாலான குடும்பங்கள் சொந்த நிலமில்லாமல் அடுத்தவர் வயலில் அறுத்த தலித் மக்களின் வழிவந்தவை. அவர்கள் அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுவரும் நெல் பெரும்பாலும் கூலி நெல். காணிக்கையைப் பெற்றுக்கொண்டு ஜெபிக்கிற ஆயர் அந்தக் கூலியின் கதையையும் பீடத்தின் முன் நின்று சொல்ல வேண்டும்; ஏலப் பணத்தில் ஒரு பங்கு, அந்த ஆண்டு வேலையில்லாமல் போனவர்களின் வீடுகளுக்குப் போக வேண்டும்.