எட்டரை சென்டிமீட்டர்: யாருடைய கடல்?

தட்டாஞ்சாவடியில் இருந்து ஸ்கூட்டரை எடுத்தால் கால் மணி நேரத்தில் கடற்கரைச் சாலை. போன வாரம் உறவுக்காரத் தம்பி ஒருத்தர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணே, இந்தப் பக்கம் மனை வாங்கலாமா, கடல் வந்துடுமா?" கூடவே இரண்டு செய்தித் துணுக்குகள். ஒன்றில் கடல் 50 ஆண்டில் 8.5 செ.மீ. உயர்ந்துவிட்டது. இன்னொன்றில் சென்னையில் ஆண்டுக்கு வெறும் 0.33 மி.மீ.தான், பயப்படாதீங்க. இரண்டுமே அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன எண்கள்தான். பிரச்சினை அவற்றைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது.

முதலில் அந்த 8.5. இது 2019 நவம்பரில் சொல்லப்பட்டது. இந்தியக் கரைக்குச் சராசரியாக ஆண்டுக்கு 1.7 மி.மீ. என்று வைத்து 50 ஆல் பெருக்கினால் வருவது. அரசின் துறைமுகவாரி அட்டவணையை எடுத்து இதே கணக்கைப் போடுங்கள். சென்னைக்கு (0.33) ஒன்றரை செ.மீ. சொச்சம், வங்காளத்து டைமண்ட் ஹார்பருக்கு (5.16) கிட்டத்தட்ட 26 செ.மீ. அந்தச் சராசரி இரண்டு ஊருக்கும் பொருந்தவில்லை. டைமண்ட் ஹார்பரில் கடல் மட்டும் ஏறவில்லை, டெல்டா மண்ணும் அமுங்குகிறது. துறைமுகத்தில் நிற்கும் ஓதமானி, தான் நிற்கும் தரையை வைத்துத்தான் கடலை அளக்கும். தரை இறங்கினாலும் அது "கடல் ஏறியது" என்றே பதியும். நிலம் அமுங்குவதை அரசின் பதிலும் சொல்கிறது. ஆனால் தலைப்புச் செய்திக்கு வரும்போது அந்த வரி காணாமல் போய்விடுகிறது.

சரி, 0.33 ஆறுதல் தருமா? அது 1916 முதல் 2005 வரைக்குமான சரிவு. நடுவில் பல பத்தாண்டுகளுக்குப் பதிவே இல்லை. நம்ம கடல் ஐப்பசி, கார்த்திகையில் ஏறி, பங்குனி வாக்கில் இறங்கும். வித்தியாசம் சில பத்து செ.மீ. இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சரிவைத் தேட, விட்டுப்போகாத நீண்ட பதிவு வேணும். உன்னிகிருஷ்ணனும் சங்கரும் 2007இல் வட இந்தியப் பெருங்கடல் ஓதமானிகளை ஆராய்ந்தபோது, நீண்ட, நம்பகமான பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். சராசரி 1.29 மி.மீ. வந்தது. பதிவின் தரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் எண்ணைச் சொன்னார்கள். அட்டவணையில் அந்த ஒழுக்கம் இல்லை. நல்ல பதிவும் ஓட்டைப் பதிவும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

அப்போ செயற்கைக்கோள்? 1992இல் டோபெக்ஸ்/பொசைடன், பிறகு ஜேசன் வரிசை. சுமார் 1,336 கி.மீ. உயரத்தில் இருந்து, பத்து நாளுக்கு ஒருமுறை அதே தடத்தில் வரும். பூமியின் மையத்தை வைத்து அளப்பதால் தரை அமுங்குவது அதைக் குழப்பாது. வட இந்தியப் பெருங்கடலுக்கு 1993–2012 காலத்தில் ஆண்டுக்கு 3.2 மி.மீ. கிடைத்தது. "ஓதமானி பொய், செயற்கைக்கோள் மெய்" என்று சிலர் இதை வைத்து வாதிடுகிறார்கள். அது தப்பு. காலமே வேறு, அளவுகோலும் வேறு. போதாததற்கு, கரையை ஒட்டிய சில கி.மீ.யில் ரேடார் எதிரொலியில் நிலமும் கலந்துவிடும். 2013இல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போன இந்திய–பிரெஞ்சு சரல் அந்தக் குறையைக் கொஞ்சம் குறைத்தது. ஆனால் வீட்டுக்காரனுக்கு வேண்டியது கடல் ஏற்றமும் தரை இறக்கமும் சேர்ந்த கணக்கு. அதற்கு ஓதமானி வேணும், அதன் பக்கத்திலேயே தரையசைவை அளக்கும் ஜிபிஎஸ்ஸும் வேணும்.

இது வெறும் எண் சண்டை இல்லை. புதுச்சேரி மணற்கரை காணாமல் போனதையும் "கடல்மட்ட உயர்வு" கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கில் இருந்து வடக்கே போகும் மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரிந்தது. சில செ.மீ. உயர்வு அந்த வேகத்தில் கரையைத் தின்னாது. காரணத்தை மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிப்போகும்: மணலை எடுத்து வடக்கே தள்ள வேண்டிய இடத்தில் கருங்கல்லைக் கொட்டிக்கொண்டிருப்போம்.

தம்பிக்கு இதைத்தான் எழுதினேன்: 8.5ம் நம்ம ஊர் எண் இல்லை, 0.33ம் இல்லை; சென்னைத் துறைமுகமே 140 கி.மீ. தள்ளி இருக்கு. கடல் ஏறுவது உண்மை, வேகம் கூடுவதும் உண்மை. மனையைப் பார்க்கும்போது தரை எவ்வளவு உயரம், மழைத்தண்ணி எந்தப் பக்கம் வடியுதுன்னு முதல்ல கேளு. அதுக்கு உள்ளூர்லயே பதில் இருக்கு.