சராசரிக்குள் ஒளிந்திருக்கும் பெண்கள்

மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் மாத்திரையால் மேமோகிராமில் மார்பக அடர்த்தி கூடும். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரே விளக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: படத்தில் கொழுப்பு கருப்பு, சுரப்பித் திசு வெள்ளை, கட்டியும் வெள்ளை, வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடுவது கஷ்டம். சரிதான், ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதியைச் சொல்வது 2017-ல் செலியா பர்ன் குழு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. அதில் எனக்குப் பிடித்ததும் உண்டு, இடிப்பதும் உண்டு.

முதலில் பின்னணி. அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் சோதனையில், கருப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மற்றவர்களுக்கு டம்மி மாத்திரை. 2002-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். டம்மி எடுத்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய். மாத்திரை எடுத்தவர்களில் 38. அதே சோதனையில் 413 பேரின் படங்களை அளந்த 2005 ஆய்வு, ஒரே வருடத்தில் அடர்த்தி சராசரியாக 6 சதவீதப் புள்ளி கூடியதாகச் சொன்னது. டம்மி எடுத்தவர்களுக்கு 0.9 குறைந்திருந்தது.

இந்த 6-ஐத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். சர்வரின் சராசரி ரெஸ்பான்ஸ் டைமைப் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்வது மாதிரிதான் இது. புகார் வருவது வால் பகுதியிலிருந்து.

பர்ன் குழு வால் பகுதியைப் பார்த்தது. மாத்திரை எடுத்தவர்களில் அடர்த்தி அதிகம் ஏறிய ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஏற்றம் 19.3 புள்ளிக்கும் மேல். அவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து 3.6 மடங்கு. அடர்த்தி மாற்றத்தைக் கணக்கில் சேர்த்ததும், மாத்திரையால் கூடிய ஆபத்து என்று தனியாக எதுவும் மிஞ்சவில்லை. அதாவது அடர்த்தி வெறும் திரை இல்லை. மாத்திரைக்கு அந்த உடம்பு எவ்வளவு பதில் சொல்கிறது என்பதன் அளவுகோலாகவும் இருக்கலாம்.

இனி இடிப்பவை. ஒன்று, அந்த 3.6-இன் நம்பக வரம்பு 1.52 முதல் 8.56 வரை. திசையை நம்பலாம், எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு, கணக்கில் சேர்த்ததும் விளைவு மறைந்ததால் அடர்த்திதான் காரணம் என்று ஆகிவிடாது. லாக் ஃபைலில் எர்ரர் தெரிகிறது என்பதால் லாக் ஃபைலா எர்ரரை உண்டாக்கியது? மூன்று, இது ஒரு குறிப்பிட்ட கூட்டு மாத்திரையின் கதை. 1999-ல் வந்த பெப்பி சோதனை முடிவில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் 3.5 சதவீதத்தினருக்குத்தான் ஒரு வருடத்தில் அடர்த்தித் தரம் ஏறியது. கூட்டு மருந்துகளில் 16.4 முதல் 23.5 சதவீதம். எல்லாவற்றையும் "ஹார்மோன் சிகிச்சை" என்று ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

திரை என்று மட்டும் நினைத்தால் வரும் யோசனை, படம் எடுக்கும் முன் மாத்திரையை நிறுத்துவது. 2009-ல் 1,704 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒன்றிரண்டு மாதம் நிறுத்தியும், மறுபடி கூப்பிடப்பட்டவர்களின் விகிதம் சொல்லும்படி குறையவில்லை.

இதில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 2024 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு பெண்ணுக்கும் அடர்த்தி பற்றித் தெரிவித்தாக வேண்டும். நல்ல விதி. ஆனால் அது சொல்வது அடர்த்தியா இல்லையா என்பதை மட்டும்தான். இருபது வருடமாக அடர்த்தியாக இருப்பவருக்கும், மாத்திரை தொடங்கிய ஒரே வருடத்தில் அடர்த்தியானவருக்கும் ஒரே வாசகம்தான் போகும்.

அதனால், மாத்திரை தொடங்கப் போகிறவர் முன்பே ஒரு படம் எடுத்து, ரிப்போர்ட்டோடு படத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த வருடம் டாக்டரிடம் "அடர்த்தி எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீங்க. "போன தடவையைவிட எவ்வளவு மாறியிருக்கு?" என்றும் கேளுங்க.