சீதனமாக வந்த பத்திரிகை

பத்திரிகை ஆபீஸ் காதல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நாரதர் வேடம்தான். காதலிக்கு நாரதர் வேடம்!

ஆனந்த விகடனில் விளம்பரப் பிரிவைக் கவனித்து வந்த சதாசிவம், எம்.எஸ்.சுப்புலட்சுமியைச் சந்தித்தது 1936-ல். அதிகம் பேசாத பாடகியும், பேசியே விளம்பரம் வாங்குகிறவரும். கதை முழுக்க விளையாட்டில்லை. சதாசிவத்துக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. முதல் மனைவி காலமான பிறகே, 1940 ஜூலையில், திருநீர்மலையில் கல்யாணம்.

மறு வருஷம் விகடனை விட்டு வெளியே வந்த எழுத்தாளர் கல்கியோடு சேர்ந்து சதாசிவம் பத்திரிகை தொடங்க நினைத்தார். பணம்? 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்து வாங்கிய சம்பளம் முதலாயிற்று. சத்தியவானுக்கு ஆயுள் ஒரு வருஷம்தான் என்று கல்யாணத்துக்கு முன்பே வந்து சொல்கிறவர் நாரதர். புதுசாகக் கல்யாணமான பெண், கணவனின் பத்திரிகைக்காக, ஆண் வேடத்தில், தம்பூராவும் கையுமாக நின்று இந்தச் சேதியைக் கொண்டுவருகிறார்! எந்தக் கதாசிரியருக்கும் இந்தக் குறும்பு எளிதில் தோன்றாது. நாரதர் கலகம் நன்மையில் முடிந்தது; 1941 ஆகஸ்டில் 'கல்கி' வந்துவிட்டது.

அதன் ஆசிரியரான கல்கிக்கோ எங்கள் பக்கத்து மண் புதிதல்ல. திருச்செங்கோடு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியிடம் இருந்து, மதுவிலக்குக்காக 1929-ல் தொடங்கிய 'விமோசனம்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். பிற்பாடு 'கல்கி'யில் அவர் எழுதிய 'பொய்மான் கரடு' கதை சேலம்–நாமக்கல் சாலையில் நடக்கிறது. அந்தக் கரடு இன்றும் இருக்கிறது. பனமரத்துப்பட்டிப் பிரிவுக்குக் கிட்டே, தூரத்திலிருந்து பார்த்தால் பாறை இடுக்கில் கொம்போடு ஒரு மான் நிற்கும். கிட்டே போனால் வெறும் பாறை, கொஞ்சம் நிழல். திரும்பி ரோட்டுக்கு வந்தால் மறுபடியும் மான்! மாரீசன் வந்து நின்ற இடம் என்று ஊரில் சொல்வார்கள்.

கதையிலும் அப்படி ஒரு மான்தான்: கேணியும் காடுமாக இருக்கும் செங்கோடக் கவுண்டன், பக்கத்திலேயே இருக்கும் செம்பவளம் என்ற பெண்ணை விட்டுவிட்டு, சினிமா மினுக்கில் சொக்கிப் போவதைக் கல்கி நமட்டுச் சிரிப்போடு எழுதுகிறார். சினிமாவை நம்பினால் கவுண்டன் கதி இதுதான் என்று எச்சரிக்கை வேறு. எச்சரித்த பத்திரிகையே சினிமாச் சம்பளத்தில் பிறந்தது என்பது செங்கோடனுக்குத் தெரிந்திருந்தால், ஆசிரியரை அவன் சும்மா விட்டிருப்பானா?