அற்பப் பாவமும் அன்றாட வாழ்வும்

கிறித்தவத் தமிழ் இலக்கியம் பாவத்தைப் பற்றிப் பேசத் தயங்கியதில்லை. ஆயினும், அது எத்தகைய பாவத்தைப் பேசிற்று என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. கொலையும் கொள்ளையும் கொடியன என்பதை அறியாதார் இலர். விடியற்காலையில் எழுந்தது முதல் இரவில் படுக்கச் செல்லும் வரை மனிதன் இழைக்கும் சிறு பிழைகள் எத்துணைக் கனம் உடையன என்பதே ஆய்ந்து தெளிதற்குரியது.

இவ்வாய்வைச் சொல்லிலிருந்தே தொடங்குதல் தகும். கத்தோலிக்க மறைக்கல்வி பாவத்தைச் சாவான பாவம் என்றும் அற்பப் பாவம் என்றும் இருவகைப்படுத்திப் பயிற்றி வந்துள்ளது. பின்னதற்குரிய இலத்தீன் சொல் 'வேனியா' என்பதன் அடியாகப் பிறந்தது. அதன் பொருள் மன்னிப்பு. எனவே மூலச்சொல் 'மன்னிக்கத்தக்க பாவம்' என்றே பொருள்படும். தமிழில் 'அற்பம்' என்பதோ மதிக்கத் தகாதது, இழிந்தது என்னும் பொருளைத் தருவது. மன்னிப்பை நோக்கிய சொல், மொழிபெயர்ப்பில் அலட்சியத்தை நோக்கித் திரும்பிவிட்டது. 'அற்பந்தானே' என்று உள்ளம் அமைதி கொள்வதற்குச் சொல்லே இடங்கொடுத்துவிட்டது.

திரெந்து நகரில் கூடிய திருச்சங்கம் 1551இல் அற்பப் பாவங்களைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியே தீரவேண்டும் எனக் கட்டளையிடவில்லை. சொல்லுதல் நன்று, பயனுடையது என்றே மொழிந்தது. கட்டாயம் இல்லை என்பதனால் கவலையும் வேண்டா என்று கொள்வது அச்சங்கத்தின் கருத்தன்று. சீர்திருத்தச் சபையாரோ இப்பாகுபாட்டையே ஏற்பதில்லை. எப்பாவமும் தன் இயல்பில் தண்டனைக்குரியதே என்பது அவர்தம் கொள்கை. வழிகள் இரண்டாயினும், சிறுமை கருதிப் பாவத்தை விட்டுவிடலாகாது என்னும் முடிவில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர்.

தூய அகுஸ்தீனார், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் அறிக்கை நூலில், இளமையில் செய்த ஒரு களவை நெடிது ஆராய்கிறார். பதினாறு வயதில் தோழருடன் அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார். அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தார். பசியால் திருடியதன்று, தீமையைச் செய்வதிலேயே ஓர் இன்பம் இருந்தது என்பதே அவர் கண்ட உண்மை. பொருள் சிறிதாயினும் அதில் வெளிப்பட்ட மனம் சிறிதன்று. அளக்க வேண்டியது காயையன்று, கையை ஏவிய நெஞ்சையே என்னும் நுட்பத்தை இப்பகுதி உணர்த்துகிறது.

இந்நுட்பம் தமிழுக்குப் புதியதன்று. பழிக்கு நாணுவோர் தினையளவாகிய பிழையையும் பனையளவாகக் காண்பர் என்பது திருவள்ளுவர் குற்றங்கடிதலில் வகுத்த நெறி. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கராயினும் இந்நெறியிலேயே நின்றார். 1859இல் வெளிவந்த அவருடைய நீதிநூல் பொய், களவு, மது, கைக்கூலி, பொறாமை, சோம்பல் முதலியவற்றைத் தனித்தனியே எடுத்துச் சாடுகிறது. சமயப் பிரிவுகளைக் கடந்து எல்லார்க்கும் பொதுவாகப் பேசுவது அந்நூலின் சிறப்பு. நீதிமன்றத்தில் அன்றாடம் வழக்குகளைக் கேட்ட செவி, கைக்கூலியைத் தனிப்பொருளாக்கிப் பாடியதில் வியப்பில்லை. எனினும் அதன் குறை ஒன்றுண்டு. அது குற்றத்தைக் காட்டுகிறது. குற்றம் செய்வான் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் படிகளைக் காட்டுவதில்லை.

அப்படிகளைக் காட்டியவர் ஜான் பனியன். 1678இல் வெளிவந்த அவருடைய பயணக் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) யாத்த இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாகியது. பனியன் கதையில் பயணி பெருங்குற்றம் எதனாலும் அரக்கனிடம் சிக்கவில்லை. பாதை கரடுமுரடாக இருந்தது, கால் நொந்தது, வேலிக்கு அப்பால் பசும்புல் தரை பாதையை ஒட்டியே செல்வதாகத் தோன்றிற்று. ஒரு படியைத் தாண்டினான், அவ்வளவே. இறுதியில் அவன் விழித்தெழுந்தது நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் எல்லைக்குள். அன்றாடப் பாவத்தின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. அது எதிர்த்திசையில் அழைப்பதில்லை. பக்கத்திலேயே மெத்தென்று கிடக்கிறது.

இவ்வுண்மையைக் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்ட வாழ்வில் வைத்துக் காண்பது பொருத்தமுடையது. 1917இல் இம்மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான் இந்நாட்டில் வணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது. அதற்கு முன்பே ரப்பர் வேரூன்றியிருந்தது. பால்வெட்டுத் தொழிலாளியின் நாள், எடைத்தட்டின் முன்தான் முடிந்தது. வாளியில் ஒரு குவளை நீர் சேர்த்தால் எடை கூடும். கணக்கெழுதும் கை சற்றே தாழ்ந்தால் எடை குறையும். கடையின் பற்றுப் புத்தகத்தில் வாங்காத சாமானும் ஏறலாம். வாங்கிய சாமானை மறுப்பதும் கூடும். தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண்ணின் பெயர் பத்து வாய்களில் புகுந்து கெட்டுவிடும். இவற்றுள் எதுவும் செய்தித்தாளில் இடம்பெறுவதில்லை. குடும்பங்கள் குலைவதோ பெரும்பாலும் இவற்றாலேயே.

ஈண்டு ஒரு நடுநிலை வேண்டும். நீர் கலந்த தொழிலாளியின் பிழையும் எடையைக் குறைத்த கணக்கரின் பிழையும் ஒரே தட்டில் நிற்கமாட்டா. களவின் கனத்தைப் பொருளின் விலையால் மட்டும் அளவிடாமல், இழந்தவனின் நிலைமையாலும் அளவிட வேண்டும் என்பது கத்தோலிக்க அறநூலாரின் பழைய வழக்கு. ஏழையின் ஒருநாள் பிழைப்புக்குரிய தொகை அவனளவில் பெருந்தொகையே. அதைப் பறிப்பது அற்பப் பாவத்தின் எல்லையைக் கடந்துவிடுகிறது. செல்வர்க்குச் சில்லறையாவது வறியவர்க்கு உலையரிசியாகும். சிறு பாவத்தைப் பற்றிய போதனை தொழிலாளியின் கள்ளுக்குடியை மட்டும் கண்டித்து, மேலே இருப்போரின் கைக்கணக்கைக் காணாது விடுமாயின், அப்போதனையே ஓர் அன்றாடப் பாவமாகிவிடும்.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இதற்குத் தக்க சான்று. கூலியுயர்வோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் தொழிலாளர் கேட்டனர். தம் பலவீனத்தைத் தாமே உணர்ந்து களைய முற்பட்டோர் அவர்கள். ஒருவனைச் சைக்கிளை விட்டு இறங்கச் செய்வது சட்டப் புத்தகத்தில் குற்றமாக இராது. ஆயினும், உடன்பிறந்தானை இழித்துரைப்பதையே தீர்ப்புக்குரிய குற்றமாக வைத்த மலைப்பொழிவின் அளவுகோலில் அஃது எங்கே நிற்கும்? இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோருள் பெரும்பாலோர் அயல்நாட்டினர். அவர்களைப் பெயர் சொல்லி அழையாது, நாட்டின் பெயரைச் சொல்லி ஏளனமாக அழைக்கும் நாவு, முன்னொருகால் 'கூலி' என்று அழைக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகளுடையதாக இருத்தல் ஆகாது.

சிறு பிழைகளையே எண்ணி எண்ணி மனம் நோய்ப்படுதலும் தீதே என்பார் உளர். அது மெய். ஒவ்வொரு நினைவையும் பாவமாகக் கண்டு அஞ்சுவோன் பனியனின் அரக்கனிடமே மீண்டும் சேர்கிறான். சகேயு என்னும் வரிதண்டுவோன் வழிகாட்டுகிறான். அவன் அழுது புலம்பி நிற்கவில்லை. ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தர முன்வந்தான். அன்றாடப் பாவத்திற்குரிய மருந்து அச்சமன்று. திருத்திய எடை, திருப்பித் தந்த காசு, கேட்ட மன்னிப்பு ஆகியனவே.

இலக்கியத்தின் கடமையும் இங்கேதான் தொடங்குகிறது. பழந்தமிழ்க் கிறித்தவப் புலவர்கள் காப்பியமும் நீதிநூலும் தந்தனர். எடைத்தட்டின் முன் நிற்கும் மனிதனின் உள்ளத்தை, அவன் கை தயங்கும் அந்த ஒரு நொடியை, அறிவுரையாக்காமல் உள்ளவாறே எழுதுவது இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்க்கு உரிய பணி. அப்படைப்பு எழும்போது 'அற்பம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் புதிய பொருள் பிறக்கும்.