கிணற்றடிக்கு வரும் ஆறுமணிக்குருவி

ஐப்பசி மழை பிடிக்கும் நாட்களில் எங்கள் யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு ஒரு விருந்தாளி வரும். வட இந்தியப் பக்கமிருந்து இரவிரவாகப் பறந்துவரும் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் விசிலடிப்பதால் அந்தப் பெயர். (மணிக்கூடு பார்ப்பதில்லை, மங்கல் வெளிச்சம்தான் கணக்கு.)

தட்டில் அரிசி வைத்து இதை அழைக்க முடியாது. வாழையடிச் சருகைச் சொண்டால் புரட்டிப் புழு பூச்சி தேடும். பச்சை முதுகு, கண்ணில் மை இழுத்த மாதிரிக் கறுப்புக் கோடு, கட்டை வால். அந்த வாலை மெல்ல ஆட்டும்போது அடியில் குங்குமச் சிவப்பு தெரியும். இத்தனை நிறம் இருந்தும் சருகுக்குள் நின்றால் ஆளைக் காணமுடியாது. முதலில் காதுதான் பிடிக்கும்.

சித்திரையோடு வடக்கே திரும்பிவிடும். அதுவரை வளவை முழுதாகக் கூட்டி எரித்துவிடாதீர்கள். வேலியோரம் கொஞ்சச் சருகாவது கிடக்கட்டும்.