மழை இலக்கியமும் மழைநீர் போகும் வழியும்

‘மழைக்காலம்’ என்னும் பொருளில் மாணவரைக் கட்டுரை எழுதச் செய்தல் நமது பாடசாலைகளில் நெடுநாள் வழக்கம். இவ்வாண்டு நான் திருத்திய கட்டுரைகளுட் பெரும்பாலானவை குளிர்ந்த காற்றையும் தவளைக் குரலையும் உழவன் மகிழ்ச்சியையும் வருணித்தன. கொட்டாஞ்சேனை முடுக்கொன்றில் வாழும் மாணவன் ஒருவன் மட்டும், நள்ளிரவில் வடிகான் நீர் வீட்டினுட் புகுந்ததையும், தாய் அவனுடைய புத்தகங்களை அலுமாரியின் மேல் ஏற்றிவைத்ததையும் எழுதியிருந்தான். பிழைகள் மலிந்த அக்கட்டுரையே இலக்கியத்துக்கு அண்மையில் நின்றது.

நம் எழுத்தாளர் பலர் அப்பெரும்பான்மை மாணவரின் பக்கமே நிற்கின்றனர். அவர்களுக்கு மழை இறைவனின் அருள். அளவு மீறினால் இயற்கையின் சீற்றம். இரண்டிலும் மனிதனுக்குப் பொறுப்பில்லை. வீழ்ந்த நீர் எவ்வழியே போயிற்று, அவ்வழியை அடைத்தவர் யார் என்னும் வினா எழுவதேயில்லை. ஆனால் நம் பழைய மரபு இத்துணை வறியதன்று. தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, நிலம் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குமாறு குடபுலவியனார் அறிவுறுத்திய பாடல் புறநானூற்றில் உண்டு. மழைநீரை அரசியற் கடமையாகக் கண்ட புலவர் அவர்.

அப்பாடலின் பொருளை உணர யாழ்ப்பாணத்தை நோக்குதல் தகும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் தமிழருட் பலருக்கு அதுவே பூர்வீகம். வரண்ட வலயத்தைச் சேர்ந்த அக்குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்து முடிகிறது. குளத்திலும் கேணியிலும் தங்கிய நீர் சுண்ணக்கற் பாறையினுள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து கிணறுகளைக் காத்தது. நகரம் வளர வளரக் குளங்கள் தூர்ந்தன; முற்றங்கள் கொங்கிறீற்றாயின. தங்க இடமற்ற நீர் கார்த்திகையில் வீடுகளுட் புகுகிறது. 2008 இல் நிஷா புயலின்போது அதனைக் கண்டோம். பின்னர் அது கடலுக்குப் போய்விட, சித்திரையிலே கிணறு உவர்க்கிறது. வெள்ளமும் வரட்சியும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

ஒரு பரப்புக் காணியை முழுவதும் கொங்கிறீற்றால் மூடிவிட்டால், 100 மில்லி மீற்றர் மழையில் ஏறத்தாழ 25,000 லீற்றர் நீர் அதனைவிட்டு வெளியேறும். அமெரிக்காவின் பாலைநிலத்து நகரான டூசானில், தெருவோரக் கற்கட்டை அறுத்து, வீதியில் ஓடும் நீரை மரக்குழிகளுக்குள் இறக்குகின்றனர். வணிகக் கட்டடங்கள் மழைநீரைச் சேகரிக்கவேண்டுமென 2008 இல் அந்நகரம் சட்டமும் இயற்றியது. இன்று ‘பசுமைக் கட்டமைப்பு’ என்று போற்றப்படும் இம்முறை, நம் குளத்துக்கும் கேணிக்கும் உறவினதே. இலங்கையிலும் 2005 இல் மழைநீர்ச் சேகரிப்புக்கான தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. கொள்கை தாளில் உண்டு. கூரைப் பீலியின் நீரோ இன்றும் தெருவிலே வீழ்கிறது.

கொழும்பு ஈரவலய நகரம். இங்கே சதுப்பு நிலங்களே குளத்தின் தொழிலைச் செய்கின்றன. ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ‘ஈரநில நகரம்’ என 2018 இல் முதன்முதலாக ஏற்கப்பட்ட 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்று. மகிழ்ச்சியே. ஆயின், 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையிலே நாட்கணக்காக நீருள் நின்றவர் யாவர்? மேட்டு நிலத்துக்கு விலை கொடுக்க இயலாத உழைக்கும் மக்களே. சதுப்பை மேடாக்கியவன் இலாபத்தை எடுத்துக்கொண்டான். அவன் வெளியேற்றிய நீர் ஏழையின் வாசலுக்குப் போயிற்று. இனி நடைபாதையும் விளக்கும் அமைத்துக் குளக்கரையை அழகுபடுத்துவது மட்டும் பசுமையாகாது. குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் திறந்திருக்கவேண்டும். கரையிலே குடியிருந்தவன் அழகின் பெயரால் துரத்தப்படாதிருக்கவேண்டும்.

மழையைப் பாட வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பாடுபவன் ஒருமுறை வடிகானையும் எட்டிப் பார்க்கட்டும் என்றே கூறுகிறோம். விமரிசகனுக்கும் இக்கடமை உண்டு. சொல்லழகை மட்டும் எடைபோட்டு, சொல்லாது விடப்பட்டதைக் கேளாதிருப்பது விமரிசனமாகாது. அம்மாணவனின் கட்டுரைக்கு நானும் எழுத்துப் பிழைகளுக்காகப் புள்ளிகளைக் குறைத்தேன். தவளைகளைப் பாடிய கட்டுரையொன்றே முதலிடம் பெற்றது. நமது இலக்கிய உலகின் குற்றம் எது என்பது, அப்புள்ளிகளைக் கூட்டியபோதுதான் எனக்குத் தெளிவாயிற்று.